நிகர எடை

கல்லணையில் கிளம்பும்போது
என் முதுகில் என்ன கனம் என்று எனக்கே தெரியாது.
பூம்புகார் வரை ஏழு நாள் நடை,
இரவில் கூடாரம்.
நசீரா எட்டரைக் கிலோவோடு வந்திருந்தாள்,
அதில் கொஞ்சம் அலட்டலும் சேர்த்து.
நானோ மருந்துக்கடைக்காரி.
வருமுன் காப்பது என் தொழில், என் வியாதியும்.
கொப்புளத்துக்கு, தேள்கடிக்கு,
வராத காய்ச்சலுக்கு இரண்டு வகை.

திருக்காட்டுப்பள்ளியில் தோள் எரிந்தது.
திருவையாற்றில் இடுப்பு வாய்திறந்து பேசியது.
மூன்றாம் நாள், கணபதி அக்ரஹாரம் தாண்டி,
நெல் கொள்முதல் நிலையத்துத் தராசைக் கண்டதும்
நின்றுவிட்டேன்.

மாசி கடைசி.
களத்தில் சம்பா குவியல் குவியலாய்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டிவிட்டதென்று
நாலு நாளாய்க் காத்துக்கிடந்த ஒருவர்
கைப்பேசியில் மழை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பைய வைக்கட்டுமா தம்பி?”
மூட்டை தூக்கும் ஐயாறப்பன்
எடையைப் படித்துச் சொன்னான்:
“பதிமூணு தொள்ளாயிரம்.
சாக்குக்கு ஐநூத்தெண்பது கழிச்சுக்கலாமா?”

அங்கேயே தார்ப்பாயில் கொட்டினேன்.
இரண்டாவது டார்ச். மூன்றாவது துண்டு.
மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து
ஆளுக்கு நாலாக்கினாள் நசீரா.
கூடாரத்துக்கு இரும்பு முளை பத்து,
அதுவே ஒரு கிலோ.
டூத் பிரஷ்ஷின் வாலைக்
கருக்கரிவாளால் நறுக்கித் தந்தான் ஐயாறப்பன்.
மறுபடி வைத்துப் பார்த்தோம்.
எண் அசையவில்லை.

“நான் ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை ஏத்துறேன்.
எம் பிரஷ்ஷயும் வெட்டிரட்டுமாக்கா?”

களம் முழுக்கச் சிரித்தது.
மழை பார்த்துக்கொண்டிருந்தவர்கூட.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அடியில் கிடந்தது கடைச்சாவிக் கொத்து.
“இது எதுக்குடி?” என்றாள் நசீரா.
மாற்றுச்சாவி ரஞ்சிதத்திடம் இருக்கிறது.
காலை எட்டுக்கெல்லாம் திறந்துவிடுகிறாள்.
ஒரு போன்கூட வரவில்லை.
அதைச் சத்தமாய்ச் சொல்ல
எனக்கு மூன்று நாளாயிற்று.

கழித்ததையெல்லாம் பழைய சாக்கில் கட்டி
கும்பகோணம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்,
சுவாமிமலையில் கடையில் சேர்க்கச் சொல்லி.
சாவி மேலாக இருந்தது.
மறுநாள் என் ஊர் வந்தபோது
அக்கரையில் இறங்கி நடந்தோம்.

குறையாதது தண்ணீர்தான்.
மூன்று லிட்டர், மூன்று கிலோ, பேரமே இல்லை.
மேட்டூர் மூடி ஒரு மாதத்துக்கு மேலாகிறது.
ஆற்றில் நாணலும் நாய்க்கால் தடமும்.
ஆற்றோரம் நடக்க
ஆற்றை முதுகில் கொண்டுபோகவேண்டியிருந்தது.

குத்தாலத்துக்கு அப்பால் மணலில் தங்கினோம்.
இருட்டியதும் கீழைக்காற்று.
கூடாரம் எழுந்து நின்று கிளம்பப் பார்த்தது.
முளைகளோ சுவாமிமலையில்.
“இரும்பைத்தானே அனுப்பினோம்,
கனத்தையா அனுப்பினோம்” என்று
நசீரா நாலு மளிகைப் பையை எடுத்தாள்.
கையால் அள்ளி அள்ளி நிரப்பி
மூலைக்கு ஒன்றாய்க் கட்டிப் புதைத்தோம்.
ராத்திரி முழுக்கக் காற்று அடித்துப் பார்த்தது.
தூரத்தில் ஒரு லாரி
விளக்கணைத்து வந்து, நெடுநேரம் நின்று,
விளக்கணைத்தே போனது,
போகும்போது மட்டும் முனகிக்கொண்டு.

விடிந்ததும் பைகளை அவிழ்த்து
எடுத்த குழியிலேயே கொட்டினோம்.
நிரம்பவில்லை. கொஞ்சத்தைக் காற்று
கணக்கில் எழுதாமல் எடுத்திருந்தது.
உதறி மடித்தால்
நாலு பையும் உள்ளங்கையில் அடங்கிற்று.

பல் விளக்கும்போது
வாலில்லாத பிரஷ் நழுவி நழுவி
கட்டைவிரல் ஈறில் இடித்தது.
இந்நேரம் ஐயாறப்பன்
எத்தனையாவது மூட்டையில் இருப்பானோ.