முப்பது வீதம்

மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கென்று
கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்:
மலிவாகக் கிடைத்தது.

துறைமுக வேலை முடிந்து ஊர் திரும்பிய ஓர் ஒல்லாந்தன்
ராஜகிரியாவில் விற்றுவிட்டுப் போனான்.
பின் ஷொக்கின் வழுவழுத்த தண்டில்
ஒரு கறுப்பு ரப்பர் வளையம்
அவன் கடைசியாக அமர்ந்த ஆழத்தில்
அப்படியே நின்றது.
சட்டத்தின் அடியில், பிளாஸ்டர் துண்டில், பேனாவால்:
94.

என்னுடையது ஐம்பத்திமூன்றாக இருக்கலாம்.
தராசைக் கட்டிலுக்கடியில் தள்ளி வருடமொன்றாகிறது.
இழுத்தெடுத்துத் தூசு தட்டி
ஹெல்மெட், சப்பாத்து, முழங்கால் காப்பு,
இரண்டு லீற்றர் தண்ணீர்ப் பை, சாவிகள், பம்ப்
எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி நின்றேன்
வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில்,
இரவு ஒன்பதரைக்கு, எங்கும் போகாமல்.
ஐம்பத்தெட்டு தசம் நான்கு.
உடம்பை மட்டும் சொன்னால் சைக்கிளுக்குப் போதாது.
கொண்டுபோவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

முதலில் அவனுடைய காற்றை விட்டேன்.
ஊசியை நகத்தால் அழுத்தச் சீறிக்கொண்டு வந்தது;
கொஞ்சம் எண்ணெய் துப்பியது.
விறாந்தை முழுக்க
ராஜகிரியா.

ஹாண்டில் எண்ணூறு மில்லிமீற்றர்.
லிஃப்ட் கதவில் இரண்டு முனையும் இடித்தன.
கீழ்மாடியில் குழாய் வேலை பார்க்கும் இர்ஷாத்திடம்
வெட்டும் கருவியை இரவல் கேட்டேன்.
“எத்தனை அங்குலக் குழாய்?”
“சைக்கிள்.”
மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை.
அளந்து, திரும்ப அளந்து,
மூன்றாம்முறை அளக்கையில் கை வியர்த்தது.
பக்கத்துக்கு இருபது.
விழுந்த துண்டுகளில் ஒன்று
என் பெருவிரலுக்குச் சரியாக இருந்தது.
மற்றதைப் பூனை கொண்டுபோயிற்று.

பிறேக்கை ஒற்றை விரல் எட்டுமளவுக்கு உள்ளே இழுத்தேன்.
ரயரில் இருபத்திரண்டு, முன்னால் ஒன்று குறைய.
உப்புக்காற்று தின்னத் தொடங்கியிருந்த ஆணிகளைக் கழற்றி
கிறீஸ் தடவி, ஒவ்வொன்றாய்.

ஆனால் ஷொக்கின் அமர்வை ஒருத்தி தனியே அளக்க முடியாது.
இரு மிதியிலும் கால் வைத்து அசையாதிருக்கவேண்டும்.
யாராவது பிடிக்கவேண்டும்.
பதினொரு மணி, கார் தரிப்பிடம்.
காவலுக்கு நிற்கும் சுனந்தசிறி
இரு கையாலும் ஹாண்டிலைப் பற்றி
முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டான்,
ஊசி போடுகையில் பார்க்காதவர்களைப் போல.
“ஹரித, மிஸ்?”
வளையத்தை மேலே தள்ளி, ஏறி, இருந்து,
மூச்சுவிடாமல் இறங்கினேன்.
ஐம்பத்தைந்தில் பதினேழு.
முப்பது வீதம், ஏறக்குறைய.

ஒன்றுமே நடக்குமுன்
நின்ற இடத்திலேயே இவ்வளவு இறங்கியிருக்கவேண்டுமாம்.
குழி வரும்போது
சக்கரம் கீழே எட்டிப் பிடிக்க அந்த இடம் வேண்டும்.

பிறகு சிவப்புத் திருகு.
முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணித் திறந்தேன். ஏழு.
ஒழுங்கையின் ஓரக்கல்லிலிருந்து இருந்தபடியே இறங்க
மூன்றுதரம் துள்ளியது, ஆட்டுக்குட்டி.
ஐந்து: இரண்டுதரம்.
கடலோரமாகக் கடைசி ரயில் போனது,
எண்ணிக்கை தவறியது, திரும்ப மூடினேன்.
நான்கு.
ஒருக்கால் எழும்பி
அமைந்தது.

ஞாயிறு விடிய நாலு மணிக்கு வான்.
ஹந்தானையில் வேரும் கல்லும் நனைந்திருக்கும் என்கிறார்கள்.
நான் இதுவரை இறங்கிய மிகப் பெரிய மலை
தெஹிவளைப் பாலம்.

“நானும் ஒருக்கா?” என்றான் சுனந்தசிறி, தமிழில்.
பூட்ஸோடு ஏறினான்.
தரிப்பிடத்தை இரண்டு சுற்று,
வேகத்தடைமேல் வேண்டுமென்றே மூன்றாவது.
தொப்பி விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

காலையில் பார்த்தேன்:
வளையம் தண்டின் கடைசி எல்லையில் கிடந்தது.
தள்ளவில்லை.
பிளாஸ்டரில் 94ஐக் கீறிவிட்டு
58.4 என்று எழுதினேன்.
அதற்குக் கீழே, சிறிதாக,
75?