மிச்சம்

மே மாதம். சத்துவாச்சாரியில் மாடி அறை.
மின்விசிறியை நிறுத்தினால்தான் வித்தியாசம் தெரியும் என்றேன்.
நயீம் சட்டையைக் கழற்றி
மைக் ஸ்டாண்டில் மாட்டினான்.

ஒரே பாட்டு. மூன்று கோப்புகள்.
குடியாத்தம் புஷ்பலீலா போன வாரம் பாடியது.
ஒன்று ஐம்பது எம்பி,
ஒன்று அதில் பாதி,
கடைசி ஐந்துகூட இல்லை.
எது எதுவென்று சொல்லாமல் போட்டேன்.

ஜால்ராவைக் கவனி,
அடித்ததை அல்ல, அடங்குவதை.
பெரிய கோப்பில் அது
நூலாகித் தேய்ந்து போகும்.
சின்னதில்
ஈரத்துணியை உதறியது போலச் சளசளக்கும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில்
பதினோரு வருடம் தையல் மெஷின்களுக்கு நடுவே
உட்கார்ந்த காது அவனுடையது.
மூன்று முறை போட்டேன்.
மூன்று முறையும் சின்னதைத்தான் காட்டினான்:
"இதுதாம்பா சுத்தமா இருக்கு."

எரிச்சலில்
பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தேன்.
கேட்காது என்று கணக்குப் போட்டு
எறிந்ததை மட்டும் ஒலிக்கவிட்டேன்.

மணல் சரிவது போல ஒரு இரைச்சல்.
அதற்குள்
சொல் இல்லாமல் அவள் மூச்சு,
ஜால்ராவின் அறுந்த நுனிகள்.

நயீம் வியர்வையைத் துடைக்கவில்லை.
"தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை...
நம்ம ஊர்க் கணக்குல
இதையும் சேத்துக்க,
பாடுறவ இல்லாத பாட்டு."

போன் அடித்தது. புஷ்பலீலா.
"அண்ணே, வாட்ஸப்புலயே போட்டுடுங்க,
செல்லுல கேட்டாப் போதும்."

விசிறியைப் போட்டேன்.
சட்டையை மாட்டிக்கொண்டே நயீம்
"அந்த மிச்சத்த எனக்கு அனுப்பேன்" என்றான்.

எதில் அனுப்புவது?