ஒன்பது சுழி

மின்வெட்டு. டேப்லெட் அணைந்துபோனதால்
காகிதம் கொடுத்தார்கள்.
டர்பன் மைதானத்தின் பிசியோ அறை;
கூரைத் தகரத்தில் குரங்குகள் ஓடும் சத்தம்.

முழங்காலுக்கு ஸ்கேன் உண்டு.
இரத்தத்துக்கு ஊசி, இதயத்துக்கு ஒயர்.
அவை என்னைக் கேட்காமலே சொல்லிவிடும்.
இந்தத் தாள் மட்டும்
என்னைப் பற்றி என்னிடமே கேட்கிறது.

கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்?
இல்லவே இல்லை என்றால் சுழி.
அநேகமாகத் தினமும் என்றால் மூன்று.

நான் கோல்கீப்பர்.
சாட்ஸ்வர்த் பள்ளி மைதானத்தில், பதினொரு வயதில்,
காலில் கட்டிய பேட் இடுப்புவரை வந்த நாளிலிருந்து
எதிரணியின் பெயருக்கு நேரே
சுழியைப் போடவைப்பதுதான் என் வேலை.
ஆட்டம் முடிந்ததும் அப்பா போனில் கேட்பது ஒன்றுதான்:
"எத்தனை விட்டே?"

ஆகவே போட்டேன்.
எதிலும் நாட்டமில்லாமல் போனதா? சுழி.
மனம் கனத்துக் கிடந்ததா? சுழி.

தூக்கம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
மார்ச்சில் விட்ட அந்தப் பெனால்டி
இரவு இரண்டு மணிக்கு வரும்.
வலப்பக்கம் பாய்வேன்; பந்து இடப்பக்கம் போகும்.
மறுநாள் இடப்பக்கம் பாய்வேன்.
பந்துக்கு அதுவும் தெரிந்திருக்கும்.
சுழி.

பசி? சுழி.
காலையில் தின்றது பாதி வாழைப்பழம்.
மீதிப் பாதி பையில் கறுத்துக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் இதே தாளில்
கெரிஷ்கா உண்மையை எழுதினாள்.
ஓய்வு கொடுத்தார்கள்.
அவளுடைய எண் இப்போது என் முதுகில்.
அந்த ஓய்வு நன்றாக இருந்ததா என்று
ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நானும்தான்.

ஒன்பதாம் கேள்வியை
முழுக்கப் படிக்காமலே போட்டேன்.
அதுதான் எல்லாவற்றிலும் அழகான வட்டம்.

டாக்டர் தாண்டேகா தாளை வாங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"ஒன்றுகூட உள்ளே போகாத ஆட்டம்
இதுவரை எத்தனை ஆடியிருப்பாய்?"
எண்ணிப் பார்த்தேன்.
நூற்றுப்பத்துச் சொச்சத்தில் முப்பத்தொன்று.
அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.
தாளை என் பக்கம் நகர்த்தினார்,
பேனாவை மூடாமல்.

உம்கேனி கடலில் கலக்கும் இடத்தில்
குளிக்காதே என்றொரு பலகை உண்டு.
மேலிருந்து பார்த்தால் தண்ணீர்
சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.
அதற்கும் சுழி என்றுதான் அம்மா பெயர் சொன்னாள்.

வெளியே ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது.
நீலத் தரைக்குத் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.
பயிற்சிக்கு இன்னும் பத்து நிமிஷம்.

மூன்றாம் வரியில்
சுழியை அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினேன்.

ஒன்று விட்டுட்டேன், அப்பா.

ஒன்பதாவதை
இன்னும் படிக்கவில்லை.