பரிசோதகரால் திறக்கப்பட்டது

கனத்தையில் சாம்பலுக்குக் காத்திருந்தோம்.
வாங்கில் நெருங்கியிருந்த ஒன்றுவிட்ட அண்ணா கேட்டார்:
"கதிரித்தம்பி மாமா சண்டையில நின்றவரெல்லே,
பதக்கம் கிதக்கம் ஏதும் இருக்கோ?"
ஒருவருக்கும் தெரியவில்லை.

மாமா துவக்குப் பிடித்ததில்லை.
நாற்பத்திரண்டாம் ஆண்டு
கோட்டைத் தபாற்கந்தோரின் மேல்மாடியில்
இருபத்திரண்டு வயதில்
ஒரு சவர அலகோடு இருந்தார்.
தமிழில் வருகிற போகிற கடிதமெல்லாம்
அவருக்கும் நீர்கொழும்புச் செபமாலைக்கும் பங்கு.
கப்பலின் பெயர் வந்தால் வெட்டு.
அரிசி இல்லையென்றால் வெட்டு.
துறைமுகத்தில் எத்தனை பீரங்கி என்று
ஒரு மாட்டு வியாபாரி மச்சானுக்கு ஊகித்து எழுதினால்
அதையும்.
துண்டுகள் தகர வாளியில் சேரும்.
பின்னேரம் ஐந்து மணிக்கு
இரண்டு பேர் கையெழுத்து வைத்து
முற்றத்தில் எரிப்பு.

உயிர்த்த ஞாயிறு காலை குண்டு விழுந்தது.
திங்கட்கிழமை கொழும்பு முழுக்க மருதானை ஸ்டேஷனில் நின்றது,
பாயும் சட்டியும் கோழிக்கூடுமாக.
செபமாலையும் போய்விட்டார்.
மாமா போகவில்லை.
வீரமென்று எண்ணிவிடாதீர்கள், அவரே சொன்னது:
"மூன்று சாக்குக் கடிதம் கிடந்தது.
நான் போனால் அது போகாது."

அந்தக் கிழமை எல்லாக் கடிதத்திலும் ஒரே வசனம்.
இங்கே குண்டு விழுந்தது, நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.
சட்டப்படி முதற்பாதியை வெட்டவேண்டும்.
வெட்டினார்.
சாவகச்சேரியிலும் மட்டக்களப்பிலும்
உறையைப் பிரித்தவர்கள்
இவன் ஏன் திடீரென்று
உயிரோடு இருப்பதை எழுதுகிறான் என்று
முழித்திருப்பார்கள்.
அதைச் சொல்லிச் சிரிப்பார் மாமா.
பிறகு கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

எங்கள் சண்டை வந்தபோது
வெள்ளவத்தையில் எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தார்.
பொலிஸ் பதிவுத் துண்டில் தொழில்: இளைப்பாறிய லிகிதர்.
மல்லாவியிலிருந்து செஞ்சிலுவைக்காரர் கையில்
மூன்று மாதம் நடந்து வரும் கடிதங்களில்
யாரோ கறுப்பு மை பூசியிருப்பார்கள்.
மாமாவுக்கு அது பொறுக்காது.
"வேலை தெரியாத பொடியள்.
வெட்டினால்தான் போகும்.
மை காட்டிக் கொடுக்கும்."

தொண்ணூற்றேழு மார்கழி.
தம்பி தவரூபனின் கடிதம், எட்டு வரி.
ஐந்தாவது கறுப்பு.
அம்மா அதை மாமாவிடம் நீட்டினா.
கண்ணாடியைக் கழற்றினார்.
தாளை மேசை விளக்கின் குமிழோடு பிடித்தார், சரித்தார்,
பின்பக்கம் திருப்பி
பேனை அழுத்திய தழும்பைப் பெருவிரலால் தடவினார்.
காலி வீதியில் ஒரு நூறாம் இலக்க பஸ்
வந்து, ஆட்களை ஏற்றி, போய் முடியும்வரை
ஒன்றும் சொல்லவில்லை.
"மழையாம்," என்றார். "கிணறு நிரம்பிட்டுதாம்."
அம்மா தலையாட்டினா.
மழைக்கு ஏன் மை பூசவேண்டும்?
எனக்குத் தோன்றியது.
நான் கேட்கவில்லை.

விடிய எடுத்துப் பார்த்தேன்.
ஐந்தாவது வரி இருந்த இடத்தில் ஒரு சன்னல்.
நாலு மூலையும் சுத்தம்,
மேல்வரியின் ஒரு சுழிகூடக் காயப்படவில்லை.
ஐம்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் கை நடுங்காத வேலை.
குளியலறையில் மாமா
சவரம் செய்துகொண்டிருந்தார்.

தவரூபன் அதற்குப் பிறகு எழுதவில்லை.
கடிதம் அம்மாவின் தலகணிக்குக் கீழே.
சிலவேளை எடுத்து
அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருப்பா.
அவவும் மாமாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை,
மாமா சாகும்வரை ஒரே மேசையில் சோறு சாப்பிட்டார்கள்.

பதக்கம் இல்லை அண்ணா, என்றேன்.

மண்முட்டியோடு வந்தவன்
சிங்களத்தில் ஒரு துண்டை நீட்டினான்.
கையெழுத்து வைத்தேன்.
இன்னொன்றும் வேணும், என்றான்,
இரண்டு பேர் வைக்கவேணுமாம்.