நபர்

காலை ஆறே முக்கால். காற்று மேற்கிலிருந்து.
ரோச்செஸ்டர் ஆய்வகத்தில் இரவுப்பணி முடிந்து
கார்க் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.
படிவத்தில் ஆறு கட்டங்கள்:
அழுகிய முட்டை, கழிவுநீர், ரப்பர், பெட்ரோல்,
இனித்த குப்பை, பிற.
நான் எப்போதும் 'பிற'.

ஊசிப்போன சாம்பாருக்கு அவர்களிடம் கட்டம் இல்லை.
மழைநாளில் காயாத துணியின் முடைக்கு இல்லை.
மீன் கழுவிய தண்ணீர் இரண்டு நாள் நின்றால் வருமே,
அந்தக் கவிச்சிக்கு இல்லை.
எதிர்வீட்டு டோரீன் கைபேசியில் கேட்கிறாள்:
உனக்கும் அடிக்கிறதா?
அடிக்கிறது, டோரீன்.
எங்கள் மொழியில் நாற்றம் என்றால்
ஒரு காலத்தில் நறுமணம்.
ரொம்ப நாள் வைத்திருந்தால் சொல்லும் கெட்டுப்போகும்.

சன்னலுக்கு அப்பால் மலை.
மேலே புல் விதைத்திருக்கிறார்கள், மான்கள்கூட மேய்கின்றன.
இரவில் ரயில் வருகிறது, நியூயார்க் நகரத்துப் பைகளோடு.
குவீன்ஸில் நான்கு வருடம் இருந்தேன்.
முருங்கைச் சக்கை, நறுமுகையின் டயப்பர்,
எல்லாவற்றையும் இறுக்கி முடிச்சுப் போட்டு
தொலைந்தது என்று கை கழுவினேன்.
தொலையவில்லை. எனக்கு முன்னால் வந்து
இங்கே இடம் பிடித்து வைத்திருக்கிறது.
நான் வீடு வாங்கியது அப்புறம்தான்.

குவீன்ஸில் ஒருமுறை கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள்:
உங்கள் சமையல் வாடை மின்தூக்கி வரை வருகிறது.
அன்று மத்திக் குழம்பு.
மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் தயிர்சாதம்.
சீட்டு எழுதியவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை,
ஒட்டுநாடா போதுமாக இருந்தது.

சட்டம் என்பது மாநில அரசியலமைப்பில் ஒரே ஒரு வரி.
ஒவ்வொரு நபருக்கும் தூய காற்றுக்கும் நீருக்கும்
நலமான சூழலுக்கும் உரிமை உண்டு.
அதற்கு வாக்களித்த நவம்பரில்
டோரீன் சட்டையில் வில்லை ஒட்டிக்கொண்டு வந்தாள்.
என்னிடம் விசா இருந்தது.
வழக்கில் நானும் சேரலாமா என்று கேட்டேன்.
வக்கீல் அந்த வரியில் 'நபர்' மேல் விரலை வைத்தார்.
குடிமகன் என்று எழுதவில்லை, பாருங்கள்.
பதினோரு வருடம் நான் நிரப்பிய படிவங்களில்
எதுவும் இவ்வளவு சுருக்கமாக
என்னை உள்ளே விட்டதில்லை.

நிறுவனத்தின் சாட்சி கோட்டுப் பொத்தானைத் திருகியபடி சொன்னார்:
அது மாட்டுப்பண்ணை வாடையாகவும் இருக்கலாம்.
பின்வரிசையில் பால்காரர் ஹென்றி வான் டைன்
எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள்.

தீர்ப்பு மார்ச்சில்.
உரிமை உண்டு என்றார்கள், யாரும் மறுக்கவில்லை.
ஆனால் அரசை இன்னதைச் செய் என்று
இந்த நீதிமன்றம் ஏவ முடியாதாம்.
டோரீன் வெளியே போய் அழுதாள்.
எனக்கு அழுகை வரவில்லை.
இலை போட்டு, பெயர் சொல்லி உட்கார வைத்து,
சோறு அடுத்த ஊரில் என்றால்
பசிக்கிறவன் முதலில் சிரிக்கத்தான் செய்வான்.

மேல்முறையீடு செய்திருக்கிறோம். அதுவரை படிவம்.

நறுமுகை மூக்கைப் பொத்திக்கொண்டு
பள்ளிப் பேருந்துக்கு ஓடுகிறாள்.
அந்தப் பெயரை நாங்கள்தான் வைத்தோம்.

கடுமை: ஐந்தில் நான்கு.
விவரிக்கவும், என்கிறது கடைசிக் கோடு.
தமிழிலேயே எழுதுகிறேன். முடை. வீச்சம். ஊசல்.
படிக்க ஆள் வைக்கட்டும்.