கீழே ஏதோ கெட்டியாக

லப்பக்கில் மார்ச் மாதக் காற்று
வயலைத் தூக்கிக்கொண்டு வந்து
ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகும்.
மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
டிரெவர் இரண்டு முறை கதவைத் தட்டினான்.
நல்ல பையன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.
விடைத்தாளை என் பக்கம் திருப்பி வைத்தான்.

ஏழாவது கேள்வி:
மழை பெய்து மூன்று நாளாகியும்
இந்த நிலத்தில் நீர் ஏன் இறங்கவில்லை?
சுண்ணாம்பு இறுகிய அடுக்கு, அதன் ஆழம்,
அது இறுகப் பிடித்த காலம்,
ஆறு மதிப்பெண்ணுக்கு இத்தனையும் வேண்டும்.
அவன் எழுதியது ஒரே வரி.
'கீழே ஏதோ கெட்டியாக இருப்பதால்.'

பூஜ்யம் போட்டிருந்தேன்.

'தப்பில்லையே, டாக்டர் நாச்சி' என்றான்.
தப்பில்லைதான். போதாது என்று சொல்லி
பென்சிலால் அந்த வரியைச் சுட்டினேன்.
எட்டிப் பார்க்க அவன் குனிந்தபோது
சட்டை இடுப்பில் ஏறி
எதிலோ தட்டி நின்று
மறுபடி இறங்கியது.

பார்த்தேனா?
கைபேசியாக இருக்கலாம்.
அளவுநாடாவாக இருக்கலாம்,
சனிக்கிழமைகளில் அப்பாவோடு வேலி போடுகிறவன்.
கேட்கக் கூடாது என்கிறது எனக்கு வந்த சுற்றறிக்கை.
காட்டக் கூடாது என்கிறது அவனுக்கு வந்தது.
ஒளித்து வைத்திருக்கும்வரை
அது இல்லாதது போலவே
இருவரும் நடந்துகொள்ள வேண்டும்.

சுட்டினான். சுட்டான்.
என் மொழியில் ஓர் எழுத்துத்தான் கூடக்குறைய.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
பிறகு எடுத்து,
ஏழாவது கேள்விக்கு இரண்டு போட்டேன்.
நன்றி சொல்லித்
தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

அன்று மாலை கூட்டம். சட்டத்தை எதிர்ப்பதா ஏற்பதா,
ஆளுக்கு மூன்று நிமிடம்,
முடிந்தால் மணி அடிப்பார்கள்.
எனக்கு முன்னால் யெசெனியா.
என் ஆய்வகத்தில் மண் சலிப்பவள்,
சல்லடையைத் தட்ட மாட்டாள், சுழற்றுவாள்.
இரவு பதினொன்றரைக்கு
கடைசி வாகன நிறுத்தம்வரை நடப்பதைச் சொன்னாள்.
நீதிமன்றம் தந்த தடை ஆணை ஒரு காகிதம்,
அவனுக்குப் படிக்கத் தெரியும்,
படித்துவிட்டும் வந்தான் என்றாள்.
போலீஸ் வர ஒன்பது நிமிடம்.
அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.
எட்டு மாதமாக அவள் பை
என் சல்லடைகளுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.
எட்டு மாதமாக அதைத் தாண்டித்தான்
கை கழுவப் போகிறேன்.

மடியில் கனமில்லையென்றால்
வழியில் பயமில்லை என்று
ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதி வைத்திருந்தேன்.
அவளுக்குக் கனம்தான் வழித்துணை.
காகிதத்தை நாலாக மடித்தேன்.
என் பெயரைக் கூப்பிட்டார்கள், தப்பாக, வழக்கம்போல.

'இன்று ஒரு மாணவனுக்கு
இரண்டு மதிப்பெண் கூட்டினேன்.
நியாயத்துக்காகவா பயத்துக்காகவா
தெரியவில்லை' என்றேன்.
இன்னும் இரண்டரை நிமிடத்துக்குமேல் மிச்சமிருந்தது.
ஒருவர் இருமினார்.
பயந்தவர்கள் பாடம் நடத்த வேண்டாமே என்று
பின்வரிசையில் ஒரு குரல்,
கோபமில்லாமல், யோசனை சொல்வது போல.
யெசெனியா பையை மடியில் வைத்துக்கொண்டு
தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

நள்ளிரவில் மதிப்பெண் ஏட்டைத் திறந்தேன்.
அதே பதிலை எழுதிய இன்னொருத்தி உண்டு, ஹேலி.
'அடியில் கடினம்' என்று இரண்டே சொல்.
பூஜ்யத்தை வாங்கிக்கொண்டு
ஒன்றும் கேட்காமல் போனவள்.
அவளுக்கும் இரண்டு போட்டேன்.
போட்டபோதுதான் கை நடுங்கியது.

காலையில் அவள் மின்னஞ்சல் வந்திருந்தது.
எதற்கு என்று கேட்டிருந்தாள்.