இடது புருவம்

மல்லாவிச் சந்தியில்
உரக்கடைக்கும் ரீலோட் கடைக்கும் நடுவில்
எட்டடிக்குப் பத்தடி.
கதிரை ஒன்றுதான்.
கிளிநொச்சியில் மூடின சலூனில் வாங்கியது,
இடப்பக்கம் கொஞ்சம் சரியும்.
"வலப்பக்கம் சாயுங்கோ" என்று சொல்லித்தான்
எவரையும் தொடங்குவேன்.
பிறகு கதையில்லை.
நூலின் ஒரு நுனி என் பல்லில்.
அவர்கள் சொல்வார்கள், நான் கேட்பேன்.

வட்ட முகமா, வளைவை உயர்த்து.
நீள முகமா, நேராக விடு.
சதுரத்துக்குக் கூர் வேண்டாம்.
வவுனியாவில் ஆறுமாதக் கோர்ஸில்
தாள் தந்தார்கள், கணக்குப் பாடம் மாதிரி முகங்கள்.
இங்கே வருகிற முகம் எதுவும்
அந்தத் தாளில் இல்லை.
நெல்லுக் காயப்போட்டுக் கண் சுருங்கின முகம்.
ஹெல்மெட் கழற்றினதும் நெற்றியில் கோடு கிடக்கிற முகம்.
பஸ் ஹோர்ன் எப்ப அடிக்கும் என்று
ஒரு காதை ரோட்டில் விட்டுவிட்டு வந்த முகம்.

டிலக்சனாவுக்கு அடிமட்டம் வைத்துக் கீறினது மாதிரி வேணும்.
போனில் ஒரு கொரியாக்காரியைக் காட்டினாள்.
"உனக்கு நெத்தி சின்னன், பிள்ளை."
கேட்கவில்லை. எடுத்து விட்டேன்.
இரண்டு கிழமை என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பினாள்.
மூன்றாம் கிழமை வந்து நின்றாள்:
"அக்கா, வளர்ந்திட்டுது."
வளரும்.
இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்,
எந்தப் பிழைக்கும் மூன்று கிழமைதான் ஆயுள்.

துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து ஒருத்தி.
கூட்டுப் புருவம் வீட்டுக்கு ஆகாதென்று
பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்களாம்.
நடுவை எடுக்கச் சொன்னாள்.
பாதி எடுத்ததும் கண்ணாடியைக் கேட்டாள்.
"காணும். மிச்சம் அவையளுக்கு இருக்கட்டும்."
அரைக்காசு தந்தாள்.
நியாயம்தான், வாங்கிக்கொண்டேன்.

அருட்செல்வி மாதக் கடைசி ஞாயிறு வருவாள்.
கண்ணிவெடி எடுக்கிற வேலை.
முழங்காலில் நின்று, தூரிகையால்,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவு நிலம்.
"வைசருக்குள்ள இருந்தா என்னில தெரியிறது
புருவம் மட்டும்தான். வடிவா எடுங்கோ."
இழுக்கிற இழுவைக்கு எல்லோருக்கும் கண்ணீர் வரும்.
அவளுக்கும் வரும். இமை அசையாது.
இடது புருவத்தின் நடுவில்
ஒரு நெல்மணி அகலத்துக்கு மயிரே இல்லை.
ஒருமுறை, மாடு முட்டினது என்றாள்.
ஒருமுறை, பள்ளிக்கூடத்துக் கேற்.
போன மாதம், பிறக்கும்போதே அப்படி.
நூல் பல்லில் இருப்பது
எத்தனையோ நாள் எனக்கு உதவியிருக்கிறது.

தங்கச்சியின் கலியாணம், படமெடுப்பு என்று வந்தாள்.
புதுப் பென்சில் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்,
கறுப்பும் இல்லாத மண்ணிறமும் இல்லாத நிறம்.
இடைவெளியை மயிர் மயிராகக் கீறி மூடினேன்.
என் கைக்கே நம்பிக்கை வரவில்லை, அவ்வளவு பொருத்தம்.
அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.
பஸ் ஒன்று வந்து, நின்று, போனது.
"ஆர் இது?"
பெருவிரலில் எச்சில் தொட்டு
ஒரே இழுவையில் அழித்தாள்.

"வலதிலயும் ஒண்டு வெட்டி விடுங்கோ.
பெடியள் ஸ்டைலுக்கு வெட்டுறாங்கள்தானே."
நல்ல மயிர், எனக்கு மனம் வரவில்லை.
"வளருமெண்டு நீங்கதானே சொல்லுறனீங்கள்."

அளந்தேன். ஒரு நெல்மணி.
பிளேட் பிடித்த கை கொஞ்சம் நடுங்கியது,
அவள் வழக்கம்போல அசையவில்லை.

கலியாணப் படம் நான் பார்க்கவில்லை.
அடுத்த ஞாயிறு மூன்று பெண்கள்,
முழங்காலில் ஒரே மாதிரிக் காய்ப்பு,
நெற்றியில் ஒரே மாதிரிக் கோடு.
"அருட்செல்வியின்ர மாதிரி."
ஒருத்தி கேட்டாள், "இடதில வெட்டலாமே?"

அவர்கள் போனபின்
விலைப் பலகையின் அடியில் எழுதினேன்:
புருவ வெட்டு, நூறு ரூபா.
எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.